பால் காய்ச்சிய மறுநாள்

வீட்டை விட்டு எப்போது போவது என்று முடிவு செய்ய எங்களுக்கு நான்கு மாதம் இருந்தது. நான்கு மாதத்தில் பிறந்த குழந்தைகூடக் குப்புறக் கவிழ்ந்து தலையைத் தூக்கிவிடும். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு தேதியைச் சொல்ல முடியாமல் திணறினோம். கடைசியில் சொன்னவள் நான்தான். என் ஆயுளில் அவ்வளவு யோசித்து எடுத்த முடிவு வேறு இல்லை. அவ்வளவு கோணலாகப் போனதும் வேறு இல்லை.

வீடு திருப்பதியில், ரேணிகுண்டா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது. கீழே ஒரு கூடம், இரண்டு அறைகள், சமையலறை. மேலே ஓர் அறை கட்டத் தொடங்கி, தூண் கம்பிகள் எழும்பிய அளவில் வேலை நின்றுபோயிருந்தது. என் பிறந்த ஊர் நகரி பக்கம், அவருக்குப் புத்தூர். இரண்டு பக்கமும் நிலத்தில் பாடுபட்ட தமிழ்க் குடும்பங்கள். திருப்பதிக்கு வந்து சொந்தமாகச் சுவர் எழுப்பியவர்கள் எங்கள் சொந்தத்தில் நாங்கள்தான் முதல். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் மலைக்கு வருகிறவர்களை ஏற்றிச்செல்லும் வேன்கள் வைத்திருந்தார். ஒரே வேனாக இருந்தவரை நன்றாக ஓடியது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து இன்னும் இரண்டு வாங்கினார். பிறகு ஓட்டம் குறைந்தது, ஒவ்வொன்றாக வேன்கள் போயின, கடன் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அது எப்படி ஏறியது, எவ்வளவு ஏறியது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிய பேச்சே இரண்டு ஜென்மத்துக்குப் போதும்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். யாருக்கும் நரம்பு அகப்படாத கையில்கூட எனக்கு அகப்படும் என்று பெயர். பயந்தவர்களிடம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லி, அவர்கள் திரும்புவதற்குள் எடுத்துவிடுவேன். எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் என்பது என் சுபாவம். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. ஊசி போட்டுக்கொள்ளப் போனால்கூட, நாளைக்கு வரட்டுமா என்று கேட்கிறவர்.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல் வங்கியிலிருந்து வந்து வாசல் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீடு இனி வங்கியின் பொறுப்பில் இருக்கிறது, யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது, நாங்கள் காலி செய்துகொடுக்க வேண்டும் என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கிழித்தால் கேஸ் ஆகும் என்று ஒட்டியவன் சொல்லிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் செருப்பு அலமாரியைத் தூக்கி வந்து அதற்கு முன்னால் நிறுத்தி, மேலே ஒரு பூந்தொட்டியையும் வைத்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் செருப்பை விடக் குனிந்து, அப்படியே நிதானமாக நோட்டீஸைப் படித்து முடித்து நிமிர்ந்தார்கள். முன்பு எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் மறைத்த பிறகு தெருவே படித்தது.

எனக்கு அன்றைக்கே போய்விட வேண்டும் போலிருந்தது. என் கவலை ஒன்றே ஒன்றுதான். எங்கள் மகள் அப்போது இன்டர்மீடியட் முதல் வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே பதினொன்றும் பன்னிரண்டும் கல்லூரியில்தான், அதைத்தான் இன்டர்மீடியட் என்பார்கள். அவள் கண் முன்னால் யாரோ ஒருவன் வந்து எங்களை வெளியே போகச் சொல்லக் கூடாது. போகத்தான் போகிறோம், அதை நாமாகப் போக வேண்டும். வீடு போனால் போகட்டும், அந்த ஒரு காட்சி அவள் மனதில் ஏறிவிடக் கூடாது. இதை என் வீட்டுக்காரரிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"போவலாம், போவலாம். யாரு வேணாம்னது? இப்ப இன்னாத்துக்கு அவசரம்? அவ பரீட்ச முடியட்டும்" என்றார்.

பரீட்சை முடிந்தது. அதற்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேர்ந்துவிட்டது. வங்கியிலிருந்து ஓர் அதிகாரி பதினைந்து நாளைக்கொரு முறை வருவார். கடப்பாக்காரர், தெலுங்குதான் பேச்சு, எங்களுக்காகத் தமிழையும் கலந்துகொள்வார். நல்ல மனிதர் என்பதுதான் அவரிடம் எனக்கிருந்த கஷ்டம். திட்டுகிறவனாக இருந்தால் நானும் திட்டிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன். இவர் செருப்பை வெளியே விட்டு, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி, நாற்காலியின் நுனியில் உட்காருவார்.

"மேடம், நீங்களே சாவி குடுத்துருங்க. மரியாதையா இருக்கும். கோர்ட்டு ஆர்டர் வந்துட்டா என் கைல ஏமி இல்ல. போலீஸு, வக்கீலு எல்லாம் வருவாங்க" என்பார்.

சித்தூர் கோர்ட்டில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு வக்கீல் இருந்தார். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு அதற்கு நேர்மாறாகச் சொன்னார். உள்ளே இருக்கிறவரைக்கும்தான் நம் பேச்சுக்கு மதிப்பு, நாமாக வெளியே கால் வைத்துவிட்டால் அப்புறம் தவணை கேட்கக்கூட வழியில்லை, குடும்பமாக உள்ளே இருந்தால் எந்த அதிகாரியும் கொஞ்சம் யோசிப்பான் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் முகம் தெளிந்துவிட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கே ஒரு வக்கீல் ஆதரவு கிடைத்துவிட்டதல்லவா.

இது போதாதென்று நாயுடுபேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். கிடங்குகள் வைத்து வாடகைக்கு விடுகிறவர். வீட்டைத் தானே எடுத்துக்கொண்டு, வங்கிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டி, மிச்சத்தை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். வாசலில் நின்று திசை பார்த்தார், மாடியில் ஏறிக் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். ஆனால் ஆஷாடம் முடிந்தால்தான் அட்வான்ஸ் என்றார். நமக்கு ஆடி போல, தெலுங்குக்காரர்களுக்கு நல்ல காரியம் ஆகாத மாதம் அது. அதுவரைக்கும் நாங்கள் இதே வீட்டில் சமைத்து, துணி உலர்த்தி, விளக்கேற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு. "பூட்டிக் கெடக்கிற ஊட்டப் பாத்தா பாதி வெலைக்குக் கேப்பான்" என்றார். அந்த மனிதர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வர மாட்டார் என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

ஆக, ஒருவர் உடனே போகச் சொன்னார், ஒருவர் போகவே கூடாது என்றார், ஒருவர் இருக்கிற மாதிரி இருக்கச் சொன்னார். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் ஆட்டோ பிடித்து வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தேன்.

சந்திரகிரியில், கோட்டைக்குப் போகும் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தில், வீடு கிடைத்தது. இரண்டே அறை. மகளுக்குக் கல்லூரி பஸ் சந்து முனையில் நிற்கும். வீட்டுக்கார அம்மா மாடியில் குடியிருந்தாள். தெலுங்குக்காரி, கறாரானவள், ஆனால் என் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. எல்லாம் பேசி முடித்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். மகளுக்குக் கல்லூரி திறந்து கொஞ்சம் தள்ளி, ஆனி கடைசியில் வருகிறோம் என்றேன்.

அவள் சுவரில் தொங்கிய தெலுங்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். "அப்ப ஆஷாடம் வந்துருதே அம்மா. ஆஷாடத்துல பாலு பொங்கிக்கிற பழக்கம் எங்களுக்கு லேது. ஸ்ராவணம் வரட்டும், அப்ப வாங்க" என்றாள்.

அவர்களுடைய ஸ்ராவணம் பிறக்கும்போது எங்களுக்கு ஆடி நடந்துகொண்டிருக்கும். என் வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். அவர் சமையலறையில் மாட்டியிருந்த தமிழ்த் தேதித்தாள் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஆடில எவனாச்சும் ஊடு மாறுவானா? ஆவணில பாத்துக்கலாம்" என்றார். ஏழெட்டு வாரம் அப்படியே அடைபட்டுப்போனது. எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கு இரண்டு பாஷை, இரண்டு பஞ்சாங்கம். நல்ல நாள் இரண்டு பங்காகக் கிடைக்கும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. இரண்டு பக்கத்துக் கெட்ட நாளும் எங்கள் தலையில்தான் விழும்.

அந்த வாரம் வங்கி அதிகாரி வந்து, கோர்ட் உத்தரவு இந்த மாதத்தைத் தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவணிவரை யாரும் எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆய்வகத்தில் ரத்தக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கத்தில் நல்ல நாளில் பால் மட்டும் காய்ச்சிவிட்டுச் சாமான்களை அப்புறம் சாவகாசமாகக் கொண்டுபோவது உண்டு. பால் பொங்கிய நேரம்தான் குடிபோன நேரம், கட்டில் பீரோவுக்கு நாள் கிடையாது. ஆஷாடத்துக்கு முன்னால், வைகாசி முடிவதற்குள், வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. அன்றைக்குச் சந்திரகிரி வீட்டில் பாலைக் காய்ச்சிவிடுவது. அதன்பிறகு திரும்பி வந்து நம் வீட்டிலேயே இருப்பது. நாயுடுபேட்டைக்காரர் வந்தால் சந்தோஷம். வராவிட்டால், வங்கிக்காரர்கள் வருகிறார்கள் என்று வாசனை பிடித்ததும் ஒரு வண்டியைக் கூப்பிட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு நாமாகவே போய்விடுவது. ஆஷாடமாவது ஆடியாவது, நாம்தான் ஏற்கெனவே குடிபோய்விட்டோமே.

வீட்டுக்கார அம்மாவுக்கும் இது சம்மதம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "பாலு பொங்கின இல்லு மூணு நாளு மூடக் கூடாது. ஆளு இருக்கணும், ரெண்டு வேளையும் தீபம் பெட்டணும். அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். மூன்று நாள்தானே என்று தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "நீ சொன்னா சரிதான்" என்றார். அவர் இப்படி ஒத்துக்கொண்டால் எனக்குப் பயமாக இருக்கும். பழி முழுக்க இனி என்னுடையது என்று அர்த்தம்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போமோ என்னவோ. தெருவில் என்ன சொல்வது என்று ஒரு விஷயம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். எங்கள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருந்ததை அவள் முதல் நாளே படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான், மகளுக்குக் கல்லூரி பஸ் வசதிக்காகச் சந்திரகிரியில் வீடு பார்த்துவிட்டோம், வியாழக்கிழமை குடிபோகிறோம் என்று சொன்னேன். அவளும், "நல்லது அக்கா, பாப்பா படிப்புதான் முக்கியம்" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த நாசூக்கை அன்றைக்கு நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் சந்திரகிரி வீட்டில் அடுப்பை மூட்டினோம். சாமி படங்கள், உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர், மூன்று பாய், இரண்டு பை துணி, அவ்வளவுதான் கொண்டுபோயிருந்தோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, நல்ல சகுனம் என்றாள். என் வீட்டுக்காரர் பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மகள் காலி அறையில் நின்று குரல் கொடுத்து எதிரொலி வருகிறதா என்று பார்த்தாள். "நைனா, இந்த ரூம் எனக்கு. நீங்க ரெண்டு பேரும் ஆல்ல பட்த்துக்குங்க" என்றாள். வாடகை வீட்டில் ஒரு காலை நேரம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மத்தியானம் சர்க்கரைப் பொங்கலைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பழைய தெருவுக்குப் போய் நான்கு வீட்டுக்குக் கொடுத்தேன். குடிபோய்விட்டோம், பால் நன்றாகப் பொங்கியது என்று எல்லோரிடமும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இவர்களை யாரும் துரத்தவில்லை, இவர்களாகத்தான் போகிறார்கள் என்று தெரு நினைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் எண்ணம். பிறகு எங்கள் வீட்டைத் திறந்து பெருக்கி, துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மகள் கல்லூரிக்குப் போனாள், நான் ஆய்வகத்துக்குப் போனேன். மூன்று நாள் வீட்டை மூடக் கூடாது என்பதால் என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சவாரிக்குப் போகாமல் சந்திரகிரி வீட்டில் காவல் இருந்தார். அப்போது அவர் வேறொருவரின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படி, ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு ஓர் ஆள் காவல், எல்லாச் சாமானும் இருக்கிற வீட்டுக்கு ஒரு பூட்டு. அதில் இருந்த கோணல் அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பதினோரு மணிபோல ஒரு பெரியவரின் கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கோட்டுப் பையில் செல்போன் விடாமல் அதிர்ந்தது. ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து, கையை மடக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஏழு முறை கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, பேங்குக்காரங்க வந்துகிறாங்க. போலீஸ் வந்துகிது. பூட்ட கட் பண்ணிட்டாங்க அக்கா, நீ சீக்கிரம் வா" என்றாள்.

ஆட்டோவில் போகும்போது என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன். "நான் எப்டி வர்றது? ஊட்ட மூடக் கூடாதுன்னு சொல்லிகிறாங்களே" என்று கேட்டார்.

கோபத்தில் வாய் நிறைய வசவு வந்தது. ஆனால் அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே என்னிடம் வழி கேட்டார். மூன்று நாள் என்று தலையாட்டியவள் நான். போனை வைத்துவிட்டேன்.

வாசலில் ஒரு ஜீப் நின்றது. அறுத்த பூட்டு படியில் கிடந்தது. கூடத்தில் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் கோர்ட் நியமித்த வக்கீல் உட்கார்ந்து, எங்கள் சாப்பாட்டு மேசைமேல் காகிதங்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார். பஞ்சநாமா என்று சொல்வார்கள், வீட்டுக்குள் என்னென்ன இருந்தது என்று சாட்சி வைத்து எழுதும் பட்டியல். ஓர் ஆள் அறை அறையாகப் போய்ச் சத்தமாகச் சொன்னான். இரும்புக் கட்டில் ஒன்று, கிரைண்டர் ஒன்று, தையல் மெஷின் பழையது ஒன்று. எங்கள் வீட்டில் பழையது அல்லாதது எதுவும் இல்லை, இருந்தாலும் அவன் ஒவ்வொன்றுக்கும் அதைச் சேர்த்துச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது.

வங்கி அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அன்றைக்கு அவர் செருப்போடு உள்ளே இருந்தார். அதை அவரும் கவனித்து ஒரு கணம் கூசினார்.

"மேடம், போய்ட்டோம்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். நான் பூட்டு அறுக்க விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"யார் சார் போனது? நாங்க எங்கயும் போகல. சாமான் எல்லாம் இங்கதான இருக்குது. மூணு நாள்ல வந்துருவோம்."

வக்கீல் தலையை நிமிர்த்தாமலே ஒரு பக்கத்தைத் திருப்பிப் படித்தார். இந்த வீட்டில் குடியிருந்தவர்கள் முந்தைய நாள் வேறு ஊரில் பால் காய்ச்சிக் குடிபோய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் இருவர் சொன்னார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து பக்கத்து வீட்டுக்காரியுடையது.

அவள் கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "நல்லதுக்குன்னுதான் அக்கா சொன்னேன். இவங்க பாட்டுக்குப் போய்ட்டாங்க, கௌரவமான ஜனம், யாரும் தொரத்தலன்னு சொன்னேன். அதயே எழுதிக்கினாங்க" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் முந்தின நாள் பொங்கலோடு சேர்த்துக் கொடுத்த வார்த்தையைத்தான் அவள் அப்படியே எடுத்து நீட்டியிருந்தாள்.

நாங்கள் உள்ளே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அதிகாரியைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் தன் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ஒரு மாத அவகாசம் கேட்டு நாங்கள் எழுதிக்கொடுப்பது போன்ற கடிதம், அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார், எங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டு.

"படிக்கிற பொண்ணு இருக்குற இல்லு. வக்கீல் சார்கிட்டயும் பேசி வெச்சிருந்தேன். நீங்க உள்ள இருந்திருந்தா இதுல சைன் வாங்கிட்டுப் போயிருப்போம். பூட்டின வீட்டுக்கு டைம் குடுக்க முடியாது மேடம், யாருக்குன்னு குடுக்குறது?" என்றார்.

ஒரு மாதம். எங்கள் கட்டில்மேல் உட்காரப் போனேன். பட்டியலில் ஏறிய பொருள் என்பது நினைவு வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் சோம்பலாக ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு மாதம் கிடைத்திருக்கும். சாமர்த்தியமாகத் தேதி குறித்தது நான். இதை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அங்கே நான்தான் நிற்கிறேன்.

இனிச் சாமானை எடுக்க என்ன வழி என்று கேட்டேன். பூட்டை உடைத்து வீட்டை எடுத்ததாகவே காகிதம் முடிந்தால், கோர்ட்டில் மனு போட்டு வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் வக்கீல். நாங்களாகவே விருப்பப்பட்டு வீட்டைக் காலி செய்து ஒப்படைத்துவிட்டதாகக் கடைசியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டால், அடுத்த வாரமே ஒரு நாள் திறந்துவிடச் சொல்கிறேன் என்றார். எனக்கு உதவி செய்கிற குரலில்தான் சொன்னார்.

"எந்தத் தேதில காலி பண்ணீங்க? எழுதணும்" என்றார்.

நான்கு மாதமாக இதே கேள்வியை எங்கள் வீட்டில் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், பதிலும் உடனே சொல்ல வேண்டியிருந்தது.

"நேத்து" என்றேன்.

அவர் எழுதினார். தெலுங்கில் எழுதியிருந்தது. எனக்குப் பஸ் பலகை படிக்கிற அளவுக்குத்தான் தெலுங்கு வரும். அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, அதன்மேல் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். மாடிக் கம்பிகளில் நான் உலர்த்தியிருந்த இரண்டு புடவைகள் பட்டியலில் விட்டுப்போயிருந்தன. அவற்றைக் கேட்காமலே தெருவில் இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் மகள் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்திரகிரி வீட்டுக்கு வந்தாள். தன் ரெகார்டு நோட்டும் மிச்சத் துணிகளும் அந்த வீட்டில் இருக்கின்றன, போய் எடுத்துக்கொண்டு வரலாமா என்று கேட்டாள். அடுத்த வாரம் எல்லாம் வந்துவிடும், இனிமேல் நாம் இங்கேதான் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"யாராச்சும் வந்தாங்களா மா?"

"பேங்க்லேர்ந்து வந்தாங்க. சும்மா எழுதிக்கினு போவத்தான். நாமளாதான் வந்துட்டமே" என்றேன்.

அவள் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தை எடுத்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெலுங்கில் படித்தவள். பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், பிடுங்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். பூட்டை அறுத்தது முதல் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டு போலீஸ்காரர்கள் வந்ததும் இருக்கிறது. அவள் படுத்த கட்டில், அவள் புத்தகங்கள் ஒரு கட்டு என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. படித்து முடித்து, கடைசி வரியை மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"இவங்களாவே விருப்பப்பட்டு காலி பண்ணிட்டாங்கன்னு போட்டுகிது" என்றாள்.

காகிதத்தை நான்காக மடித்து என் பையில் திரும்ப வைத்துவிட்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள்.